நாலு பேர் அறை

முதல் நாள், கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை, நாளைக்கு வா என்றார்கள். செல்லத்தாய் மறுநாள் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். பன்னிரண்டாம் நாள் அவள் படியேறும்போதே பியூன் இராமகிருஷ்ணன் தலையை ஆட்டிவிட்டான். வாயைத் திறக்கும் சிரமம் அவனுக்கு மிச்சமாயிற்று.

அது பட்டாசுத் தொழிலாளர் பதிவு மற்றும் பாதுகாப்புக் கழகத்தின் விருதுநகர்க் கிளை. அவள் கேட்டது ஒரு தாள். இன்னார் பட்டாசுத் தொழிலாளி என்று அதில் ஒரு வரி இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பதிவு எண், கீழே ரவுண்டு சீல்.

மாசி மாதம் விஸ்வநத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் பதினேழாம் நம்பர் ரூம் வெடித்தது. செல்லத்தாய் அதற்குள் இருந்தாள். வலது கை வெந்தது. ஆடி பிறப்பதற்குள் புண் ஆறிவிட்டது. ஆறும்போது நாலு விரல்களையும் உள்ளங்கைக்குள் இழுத்து மடக்கிக்கொண்டு ஆறியது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் அதைப் பிரித்துத் தைப்பார்கள். வெளியூர் டாக்டர் ஒருவர் வருஷத்தில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை வருகிறார். பதிவு பெற்ற தொழிலாளிக்கு இலவசம். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் தாளோடு வந்து படுக்க வேண்டும். இந்த வருஷம் விட்டால் நரம்பு இறுகிவிடும், பிறகு யார் வந்தாலும் பிரியாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

கம்பெனியில் கேட்டதற்கு, உன் பேரெல்லாம் பதிவு ஆபீஸில் இருக்கும், அங்கே போய்க் கேள் என்றார்கள். வருஷா வருஷம் கணக்கப்பிள்ளை வந்து எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். பத்தொன்பது வருஷம் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதனால் நம்பினாள்.

கையால் எழுதித் தரக் கூடாதா என்று அவள் ஒருநாள் கேட்டாள். கண்காணிப்பாளர் சீனிவாசகம் வருத்தப்பட்டார். 1999இல் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து சான்று கணினி வழியாக மட்டுமே தரப்பட வேண்டும் என்று ஆணை. ஏழு வருஷமாக அப்படித்தான் தருகிறார்கள். வேலை வேகமாக நடப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது என்றார்.

கம்ப்யூட்டருக்குத் தனி அறை. அந்த அறையை அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடி பன்னிரண்டு நாள் பார்த்தாள். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். வாசலில் பதித்திருந்த செப்புத் தகட்டைத் தொட்டார்கள். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக. தரை முழுவதும் ரப்பர் விரிப்பு. வாசலின் இரண்டு பக்கமும் சிவப்பு வாளிகளில் மணல். மூலையில் ஒரு டிரம் தண்ணீர். ஜன்னலில் நனைத்த சாக்கு. சுவரில் பெரிய எழுத்தில் விதிகள். நான்காம் விதி: இவ்வறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒன்பதாம் விதி: ஐந்தாவது நபர் நுழைந்தால் மற்ற நால்வரும் உடனே வெளியேற வேண்டும்.

செல்லத்தாய்க்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. இதெல்லாம் வெடிமருந்து ரூமுக்கு உள்ள விதி. பதினேழாம் நம்பர் ரூமின் சுவரிலும் நாலு பேர் என்று சிவப்பில் எழுதியிருந்தது. எழுத்து மட்டும்தான் இருந்தது. வாளி இல்லை. தகடு இல்லை. சீசன் நேரத்தில் பதினோரு பேர் உட்காருவார்கள். ஒருத்தி முழங்கால் இன்னொருத்தி முழங்காலில் இடிக்கும். பரிசோதனைக்கு ஆள் வருகிறது என்றால் போர்மேன் விசில் அடிப்பான். ஏழு பேர் எழுந்து பின்பக்கம் வேலிக்கருவைக்குள் போய் உட்கார்ந்திருப்பார்கள். ஜீப் போனதும் திரும்பி வருவார்கள்.

“இங்கன என்ன, மருந்தா இடிக்கிறாக?” என்று இராமகிருஷ்ணனிடம் கேட்டாள்.

“பாதுகாப்புக் கழகம்லா தாயி” என்றான் அவன். “வேற எங்கன பாதுகாப்பு இருக்கும்?”

பழுது பார்க்கும் வேலை தினமும் நடந்தது. காலை பத்தரைக்கு ஹரிஷ்குமார் உள்ளே போவான். கணினி இயக்குநர் என்பது அவன் பதவி. பொத்தானை அழுத்துவான். பெட்டி நீளமாக ஒருமுறை கத்தும். நிறுத்தும். மறுபடியும் நீளமாகக் கத்தும். திரை கறுப்பாகவே இருக்கும். எந்திரத்திலிருந்து தொடர்ச்சியான ஒலி வந்தால் அபாயம் என்று பாதுகாப்புக் கையேட்டில் இருந்தது. உடனே இராமகிருஷ்ணன் மணி அடிப்பான். ஆபீஸ் முழுவதும் வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்கும். அவன் தலை எண்ணுவான். யாருக்கும் ஆபத்தில்லை என்று நோட்டில் எழுதுவான். அரை மணி கழித்துத் திரும்புவார்கள். அதற்குள் டீ நேரம் வந்துவிடும்.

பன்னிரண்டு நாள் இதுதான் பழுது பார்ப்பு.

பதின்மூன்றாம் நாள் அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் அதே சத்தம் கேட்டது. நீளமாக ஒன்று. நிறுத்தி இன்னொன்று. அவள் நின்றுவிட்டாள். சின்னக் கடை ஒன்றில் பையன் வயதைத் தாண்டிய சாபிர் என்ற ஒரு ஆள் பழைய கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தான். அவள் முன்னெச்சரிக்கையாக நாலடி தள்ளி நின்றாள். சாபிர் ஓடவில்லை. உள்ளே கைவிட்டு விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பட்டையை எடுத்தான். அதன் ஓரத்தைப் பென்சில் ரப்பரால் தேய்த்தான். ஊதினான். திரும்பச் செருகினான். பொத்தானை அழுத்தினான். பெட்டி சின்னதாக ஒருமுறை கூவியது. திரையில் வெளிச்சம் வந்தது.

அவள் கடைக்குள் போய்க் கேட்டாள். சாபிர் அந்தப் பட்டையைக் காட்டிச் சொன்னான். அதற்குப் பேர் ரேம். பழைய பெட்டிகளில் ஈரம் பட்டு ஓரத்தில் களிம்பு பிடிக்கும். அப்போது இப்படித்தான் கத்தும். எனக்கு இங்கே சரியாக ஒட்டவில்லை என்று அது சொல்கிறது. கேட்கிறவனுக்குப் புரிந்தால் அஞ்சு நிமிஷ வேலை.

செல்லத்தாய் தன் கையைச் சேலைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள். வெள்ளிக்கிழமை விஷயத்தையும் சொன்னாள்.

“நாளைக்குக் காலையில வாங்கக்கா” என்றான் சாபிர். “கடையைச் சாத்திட்டு வாறேன்.”

பதினாலாம் நாள் புதன்கிழமை. அன்றைக்கென்று தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு உறுப்பினர்கள் காரில் வந்து இறங்கியிருந்தார்கள். கணினி இயங்காமை குறித்த விசாரணைக் குழு. ஒருவர் மூத்த உறுப்பினர். இன்னொருவர் அவர் சொல்வதை எழுதுபவர். சீனிவாசகத்தையும் ஹரிஷ்குமாரையும் சேர்த்துக் குழுவுக்கு நாலு பேர். நாலு பேரும் தகட்டைத் தொட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

சாபிர் வாசலில் நின்று, ரேம் கோளாறு, அஞ்சு நிமிஷம் தாருங்கள் என்றான். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் பேர் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. பெட்டியைப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்றார்கள். சத்தத்தை வைத்து என்றான். ஒலியைக் கொண்டு நோய் கூறுகிறார் என்று எழுதுபவர் எழுதிக்கொண்டார். சட்டைப் பையில் என்ன என்றார்கள். ஸ்க்ரூ டிரைவரும் ரப்பரும். ஸ்க்ரூ டிரைவர் இரும்பு, பொறி பறக்கும், அதனால் வாசலோடு சரி என்றார்கள். ரப்பரை வாங்கி நாலு பேரும் பார்த்துவிட்டு, இதற்கு விதி எதுவும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படவும் இல்லை. பெட்டியின் திருகாணிகள் இரும்பு என்று 1999லேயே கழற்றிவிட்டார்கள். மூடியைச் சணல் கயிற்றால் கட்டி அரக்கு வைத்திருந்தார்கள். பெட்டியே இரும்புதான் என்பதை ஏழு வருஷமாக யாரும் குறிப்பிடவில்லை.

அப்படியானால் உள்ளே வரலாமா என்றான் சாபிர்.

அங்கேதான் சிக்கல். உள்ளே நாலு பேர். அவன் வந்தால் ஐந்து. ஒருவர் வெளியே போனால் மூன்று பேர். மூன்று பேர் இருந்தால் குழு செல்லாது. குழு இல்லாமல் பெட்டியைத் திறக்க அனுமதி செல்லாது. மூத்த உறுப்பினர் இதை இரண்டு முறை பொறுமையாக விளக்கினார். பிறகு பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பாடு வந்தது.

சாப்பிட்டு வந்ததும் சீனிவாசகம் குழுவின் முன்னால் பேசினார். வாசலில் நின்ற செல்லத்தாய்க்கும் கேட்டது.

“இந்த அறையில ஏழு வருஷமா ஒரு விபத்துகூட இல்லை. ஒரு தீக்காயம் இல்லை. மாவட்டத்துல ஆயிரக்கணக்கான அறைக்கு விதி போட்டிருக்கோம். ஒரு அறையிலயாவது அதை முழுசா அமல்படுத்திக் காட்டணும்னு எனக்கு ஒரு வைராக்கியம். காட்டிட்டேன்.”

உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள்.

“எங்க ரூம்ல ஒரு வாளி இல்லைங்கய்யா” என்றாள் செல்லத்தாய்.

சீனிவாசகம் கோபிக்கவில்லை. “அதுக்குத்தானேம்மா மாதிரி அறைன்னு ஒன்னு வச்சிருக்கோம். எல்லாக் கம்பெனிக்கும் சுற்றறிக்கை அனுப்பினேன், வந்து பார்த்துட்டுப் போங்கன்னு. ஒருத்தனும் வரலை. வரலைன்னு அதுக்கும் ஒரு கோப்பு இருக்கு.”

மணி மூன்றரை ஆனது. மதுரை பஸ்ஸும் அவள் விரல்களும் நினைவுக்கு வந்தன. செல்லத்தாய் செருப்பைக் கழற்றினாள். செப்புத் தகட்டைத் தொட்டாள். உள்ளே போய் ரப்பர் விரிப்பின் நடுவில் நின்றாள்.

நாலு பேரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு சுவரைப் பார்த்தார்கள்.

“ஏம்மா, நீ அஞ்சாவது” என்றார் சீனிவாசகம்.

“ஆமாய்யா. ஒம்பதாம் விதி போட்டிருக்கு.”

இராமகிருஷ்ணன் மணி அடித்தான். அதை அவன் கொஞ்சம் உற்சாகமாகவே அடித்தான் என்று பிற்பாடு குற்றம் சாட்டினார்கள். நாலு பேரும் வரிசையாக வெளியேறி வேப்பமரத்தடிக்குப் போனார்கள். விதிப்படி அரை மணி நேரம் அங்கே நிற்க வேண்டும். இராமகிருஷ்ணன் தலை எண்ணினான். நாலு சரியாக இருந்தது.

சாபிர் உள்ளே வந்து அரக்கை உடைத்தான். மூடியைத் தூக்கினான். காற்றாடிக்குள் மணல். பலகை முழுவதும் மணல். நனைந்த சாக்கும் டிரம் தண்ணீரும் ஏழு வருஷம் விட்ட ஈரத்தில் கம்பி முனைகளெல்லாம் பச்சைக் களிம்பு.

“காப்பாத்தியே கொன்னிருக்காகக்கா” என்றான்.

ஊதினான். துணியால் துடைத்தான். பட்டையை எடுத்து ஓரத்தைத் தேய்த்தான். பளபளப்பு வரும்வரை தேய்த்தான். செருகினான். அழுத்தினான். நீளமாகக் கத்தியது. மறுபடியும் எடுத்து, செருகும் பள்ளத்தில் இருந்த மணலைத் துணி நுனியால் எடுத்து, பக்கத்துப் பள்ளத்தில் மாற்றிச் செருகினான். அழுத்தினான். சின்னதாக ஒரு கூவல். திரை வெளுத்தது. எழுத்துகள் ஓடின. செல்லத்தாய் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழக் கூடாது என்று நினைத்தாள். பத்தொன்பது வருஷத்துக் கையெழுத்து அதற்குள் இருக்கிறது.

அரை மணி முடிந்து குழு திரும்பியது. திரையைப் பார்த்ததும் மூத்த உறுப்பினர் சீனிவாசகத்தின் கையைக் குலுக்கினார். குழுவின் இடையறாத முயற்சியால் என்று எழுதுபவர் எழுதத் தொடங்கினார். சந்தோஷத்தில் நான்காம் விதியை எல்லாரும் மறந்துபோனார்கள்.

ஹரிஷ்குமார் கம்பெனி பேரைத் தட்டினான். பதினேழாம் நம்பர் அறையைத் தட்டினான். நாலு கட்டம் வந்தது. நாலு கட்டத்தில் நாலு பேர். முதல் பேர் சோலையம்மாள். அடுத்த மூன்று பேரும் போர்மேனுக்குச் சொந்தக்காரர்கள், பரிசோதனை நாளில் ரூமுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள். செல்லத்தாய் இல்லை.

இன்னொரு முறை பாருங்கள் என்றாள். பார்த்தான். நாலு கட்டம்தான்.

“பதினோரு பேருய்யா நாங்க” என்றாள்.

“விதி நாலு பேர்தானேம்மா” என்றார் சீனிவாசகம். “கம்ப்யூட்டர்ல நாலு கட்டத்துக்கு மேல திறக்காது. அப்படித்தான் செஞ்சு வாங்கியிருக்கோம். அஞ்சாவது பேரை அடிச்சா அது ஏத்துக்காது. அதனாலதான் மாவட்டத்துல எந்த அறையிலயும் நாலுக்கு மேல ஆள் இருந்ததா இதுவரைக்கும் ஒரு பதிவுகூட இல்லை.”

அவர் இதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

“அப்ப என் கை எங்கன வெந்துச்சு?”

இதற்கு எந்த விதியின் கீழ் பதில் சொல்வது என்று அவர் யோசித்தார். அவருக்கும் மனசு உண்டு. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

“இந்தச் சோலையம்மாள் விபத்துல இறந்துட்டாங்க இல்லையா. இறப்புச் சான்று வந்ததும் அந்தக் கட்டம் காலியாகும். அதுல உன்னைப் போட்டுடலாம். போட்ட நாள்ல இருந்து தொண்ணூறு நாள் போனா நீ பதிவு பெற்ற தொழிலாளி. உனக்காக நானே பண்ணித் தாரேன்.”

சோலையம்மாள் அவளுக்கு இடது பக்கம் உட்காருவாள். அவள் முழங்கால்தான் செல்லத்தாயின் முழங்காலில் இடிக்கும். அன்றைக்குக் காலையில் தூக்குவாளியைத் திறந்து, சோறு குழைஞ்சுபோச்சுடி என்று சொன்னாள். மதியம் அந்தச் சோற்றைச் சாப்பிட அவள் இல்லை.

செல்லத்தாய் வாசலுக்குப் போனாள். போய்விட்டாள் என்று நினைத்தார்கள். அவள் குனிந்து சிவப்பு வாளியை எடுத்தாள். மடங்கிய நாலு விரல்களும் வாளியின் கைப்பிடிக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தின. இடது கையை அடியில் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாபிர் பார்த்தான், ஒதுங்கி வழிவிட்டான். மூடி திறந்திருந்த பெட்டிக்குள் மணல் முழுவதையும் கொட்டினாள். பெட்டி ஒருமுறை நீளமாகக் கத்திவிட்டு நின்றது. நாலு கட்டமும் அணைந்தன.

கழகத்தின் வரலாற்றில் மணல் வாளி ஒன்று பயன்பட்டது அதுவே முதல் முறை.

யாரும் மணி அடிக்கவில்லை. ஹரிஷ்குமார் மட்டும் பழக்கத்தில் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றான்.

போலீசைக் கூப்பிடலாம் என்றார் எழுதுபவர். மூத்த உறுப்பினர் வேண்டாம் என்றார். போலீஸ் வந்தால் முதலில் அறையில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்று கேட்கும். ஆறு பேர். நாமே நடவடிக்கை எடுப்போம், விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுங்கள் என்றார். வெளியாளுக்குக் குறிப்பாணை கொடுக்கக் கழகத்துக்கு அதிகாரம் இல்லை. தொழிலாளிக்குத்தான் கொடுக்க முடியும். அப்படியானால் தொழிலாளி என்று போடுங்கள் என்றார் மூத்த உறுப்பினர். பதிவு எண் இல்லாமல் குறிப்பாணை செல்லாது. அப்படியானால் எண் கொடுங்கள் என்றார்.

கம்ப்யூட்டர் இல்லாமல் எப்படி என்று செல்லத்தாயே கேட்டாள். அவள் குத்தலாகக் கேட்கவில்லை. பதினாலு நாளாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

“சான்றுக்குத்தான் கம்ப்யூட்டர்” என்றார் சீனிவாசகம். “நடவடிக்கைக்கு அந்த ஆணை பொருந்தாது.”

இராமகிருஷ்ணன் பின்னறையிலிருந்து டைப்ரைட்டரைத் தூக்கி வந்தான். உறையை எடுத்தான். அதற்கு மணலும் தண்ணீரும் யாரும் வைத்ததில்லை. முதல் தட்டிலேயே எழுத்து விழுந்தது. சீனிவாசகம் தானே உட்கார்ந்து அடித்தார். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. எண் போட்டார். கையெழுத்துப் போட்டார். ரவுண்டு சீலை ஓங்கிக் குத்தினார். ரப்பரைச் சான்றுப் பொருளாக வைத்துக்கொண்டார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அவள் அந்தத் தாளைச் சாபிரிடம் கொடுத்தாள். அவன் தெருவிளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்று வாசித்தான். விஸ்வநத்தத்தில் வசிக்கும் பட்டாசுத் தொழிலாளியான செல்லத்தாய், கணவர் பெயர் சங்கரபாண்டியன், பணியிடம் அறை எண் பதினேழு, பதிவு எண் இன்னது, கழக உடைமைக்குச் சேதம் விளைவித்தது குறித்து. அவன் முதல் வரியை மறுபடியும் வாசித்தான். பிறகு தாளை நாலாக மடித்து அவள் கையில் வைத்தான்.

“யக்கா, இதை மட்டும் தொலைச்சிராதீக.”

வியாழக்கிழமை சாயங்காலம் மதுரை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் தாளை வாங்கினார். தொழிலாளி என்ற சொல்லைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். சீலைப் பார்த்தார். மேற்கொண்டு வாசிக்க அவருக்கு நேரமில்லை. மூன்றாவது வார்டு என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

தாளின் கடைசிப் பத்தியை அவள் அதற்குள் மனப்பாடம் செய்திருந்தாள். பதினைந்து நாளுக்குள் தன் கைப்பட விளக்கம் எழுதித் தர வேண்டும், தவறினால் சொல்வதற்கு ஏதுமில்லை என்று கருதப்படும்.

“பதினஞ்சு நாள்ல பேனா பிடிக்க முடியுமா சார்?”

கஷ்டம் என்றார் டாக்டர். அப்படி என்ன அவசரமாக எழுத வேண்டும் என்று கேட்டார்.

“அன்னைக்கு ரூமுக்குள்ள பதினோரு பொம்பளைக இருந்தோம்” என்றாள். “எல்லார் பேரையும் எழுதணும்.”